குட்டிப் படகில் துறைமுக வாயிலைக் கடக்கிறீர்களா? கேப்டனுக்கு நீங்கள் தெரியாமலே போகலாம்!

எம்.கே.பி. நகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க காசிமேடு போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ஒரு பக்கம் ஃபைபர் படகுகள் வரிசையாகக் கரை திரும்பும். தெற்கே பார்த்தால் சென்னைத் துறைமுகத்தின் கிரேன்கள், அதைத் தாண்டி கடலில் கப்பல்கள். உள்ளே வந்துகொண்டிருக்கும் கப்பல்கூட அங்கிருந்து பார்த்தால் நிற்கிற மாதிரிதான் இருக்கும். பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் கப்பல் 10 நாட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 18.5 கி.மீ. நம்ம ஊர் ஸ்கூட்டரைவிட ஸ்லோ. ஆனால் 1 கி.மீ. தூரத்தை மூன்றேகால் நிமிடத்தில் கடந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் படகின் எஞ்சின் ஆஃப் ஆகி, கயிற்றை நாலு முறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

'சென்னையில் யாருங்க ஜாலிக்காகப் படகு ஓட்டுறாங்க?' என்று கேட்கலாம். ஓட்டுகிறார்கள், அதுவும் 100 வருடங்களுக்கு மேலாக. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கப்பட்டது 1911-ல். தொடங்கியவர் அப்போதைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். (கணித மேதை ராமானுஜன் 1912-ல் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது அவருக்கு மேலதிகாரியும் இவரே.) கிளப் இருப்பது துறைமுக வளாகத்துக்குள். அதனால் பாய்மரம் கற்க வருகிறவர்களும் சரக்குக் கப்பல்கள் புழங்கும் தண்ணீரில்தான் பழக வேண்டியிருக்கிறது.

யார் யாருக்கு வழிவிடணும்?

'பாய்மரத்துக்கு எஞ்சின் படகு வழிவிடணும்' என்பது படகு ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். திறந்த கடலில் பெரும்பாலும் அது சரி. துறைமுக வாயிலில் கதையே வேறு. 1972-ல் உருவான சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளில் 9-வது விதி சொல்வது இதுதான்: குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்ல முடிகிற கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான படகோ, பாய்மரப் படகோ இடைஞ்சலாக இருக்கக் கூடாது. மீன்பிடிப் படகுக்கும் இதே கதைதான்.

பெரியவங்களுக்கு சலுகையா? இல்லை, அவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஆழப்படுத்தப்பட்ட பாதையை விட்டு விலகினால் கப்பல் தரைதட்டும். பிரேக் என்று ஒன்று கிடையாது. வேகத்தை ரொம்பக் குறைத்தால் சுக்கானும் சரியாகக் கேட்காது. இதைவிட முக்கியம், பார்வை. கப்பலின் முன்முனைக்கு அப்பால் 500 மீட்டர் அல்லது இரண்டு கப்பல் நீளம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குக் கடல் மறைந்திருக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. கன்டெய்னர் அடுக்குகளுக்குப் பின்னால் நிற்கும் கேப்டனுக்கு, அந்த இடத்துக்குள் இருக்கும் நீங்கள் இல்லாத மாதிரிதான்.

ரேடார், ரேடியோ எல்லாம் இருந்தும் தப்பு நடக்கும் என்பதை எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று வெளியே போனது, இன்னொன்று உள்ளே வந்தது. கரை ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் பக்கெட்டில் அள்ளிய படங்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்போ எப்படிக் கடப்பது?

முதலில், மோதல் வரப்போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. உங்கள் படகின் ஒரு கம்பிக்கு நேராக அந்தக் கப்பலைப் பாருங்கள். படகின் திசையை மாற்றாமல் கொஞ்ச நேரம் போங்கள். கப்பல் கம்பியைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதே கம்பிக்கு நேராகவே இருந்து, உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கப் போகின்றன. மிக அருகில் வந்துவிட்ட பெரிய கப்பலிடம் இந்த டெஸ்ட் ஏமாற்றும். தூரத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

திருப்புவது என்று முடிவெடுத்தால் சீக்கிரமாக, பெரிதாகத் திருப்ப வேண்டும். ஐந்து டிகிரி, ஐந்து டிகிரியாகத் திருப்பினால் எதிரே இருப்பவருக்குப் புரியாது. வாயிலில் வலது ஓரமாகவே போங்கள். குறுக்கே கடக்கணும் என்றால் நேர்செங்குத்தாக, கப்பல் போன பிறகு அதன் பின்பக்கமாகக் கடப்பது நல்லது. அதற்கு முன் பின்னால் டக் படகு இருக்கிறதா என்று பாருங்கள். டக்குக்கும் கப்பலுக்கும் நடுவே இருக்கும் இழுவைக் கயிறு தளர்ந்து தண்ணீருக்குள் கிடக்கலாம், அடுத்த நொடி விறைத்து எழும்பலாம். அந்த இடைவெளியில் நுழையவே கூடாது.

பாய்மரக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: பெரிய கப்பல் காற்று வரும் பக்கமாகக் கடந்தால் உங்கள் பாய் அப்படியே தொங்கிவிடும். எஞ்சின் இருந்தால் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ன் ஒலியும் ஒரு மொழிதான். ஒரு குறும் ஒலி என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது. ஐந்து முறை கேட்டால், 'நீ என்ன செய்யப்போறேன்னு எனக்குப் புரியல' என்று அர்த்தம். அது உங்களுக்காகவே இருக்க வாய்ப்பு அதிகம். மிதவை நிறத்தை அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்துக் கற்காதீர்கள். இந்தியாவில் கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அங்கே தலைகீழ்.

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருந்தால் பிரயோஜனமில்லை. 2024 டிசம்பர் 18-ல் மும்பை துறைமுகப் பகுதியில், எலிஃபெண்டா தீவுக்குப் போன நீல்கமல் சுற்றுலாப் படகு மீது கடற்படையின் வேகப் படகு மோதி 15 பேர் உயிரிழந்தார்கள். பயணிகளில் பலர் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

கப்பல்களைக் காட்டும் மொபைல் ஆப்கள் கிளம்பும் முன் பார்க்க உதவும். ஆனால் ஏ.ஐ.எஸ். கருவி இல்லாத உங்கள் படகு அதில் தெரியாது. கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16-ஐ ஆன் செய்தே வையுங்கள். போனை வாட்டர்ப்ரூஃப் பையில் போட்டு, கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை இப்போதே சேவ் செய்துகொள்ளலாம்.