கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

சென்ற வாரம் ஆடுகிறவர்களைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பார்க்க வருகிறவர்களைப் பற்றி. ஒரு கால்பந்துக் குழு நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாபிடம் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியது. பிறகு மூன்று கோல் போட்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி அகில இந்திய ஐ-லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. தமிழ்நாட்டுக் குழு ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. 2021-22 சீசனில் பார்த்தால் ஐ-லீக்கில் அந்தக் குழுவே இல்லை. கேலரியில் தொண்டை வற்றக் கத்தியவர்களுக்கு அந்தக் குழுவில் பங்கும் கிடையாது, ஓட்டும் கிடையாது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-லும், பஞ்சாபின் ஜேசிடி 2011-லும் இப்படித்தான் போயின. நடத்திய நிறுவனம் போதும் என்றது, கதை முடிந்தது.

லண்டனில் விம்பிள்டன் ரசிகர்களுக்கும் 2002-ல் இதே நிலைதான் வந்தது. 1988-ல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்ஏ கோப்பை வென்ற குழுவை, தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர்கள் தேர்வு நடத்தினார்கள். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது. இங்கிலாந்தில் மேல்மட்ட நான்கு பிரிவுகளில் 92 குழுக்கள். அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் ‘நான்-லீக்’ என்பார்கள். அந்த அடிமட்டத்தில் தொடங்கி, ஒன்பது சீசனில் ஐந்து முறை பிரிவு உயர்ந்து, 2011-ல் அந்த 92-க்குள் நுழைந்தார்கள். 2020-ல் பழைய மைதானம் இருந்த ப்ளவ் லேன் சாலையிலேயே புது மைதானம். குழுவின் பெரும்பங்கு ரசிகர்களின் அறக்கட்டளையுடையது. ஆளுக்கு ஒரு ஓட்டு, எவ்வளவு பணம் கொடுத்தாலும்.

நெய்வேலிக்கு வருவோம். நமக்கு வேறு மாதிரிச் சிக்கல். வீடு, தண்ணீர், கரண்ட், பாரதி ஸ்டேடியம் எல்லாம் நிலக்கரி நிறுவன நிர்வாகம் கொடுத்தது. அதனால் குழுவையும் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு நம்மில் ஊறிவிட்டது. இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். விம்பிள்டனில் குழு ஊரை விட்டுப் போனது. இங்கே ரசிகர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். அப்பா கத்திய இடத்தில் மகன் நின்று கத்த இங்கே வாய்ப்பு குறைவு.

ஆனாலும் நம் கிரவுண்டுகளுக்குப் போய்ப் பாருங்கள். செம்மண் தரையில் சுண்ணாம்புத் தூளைக் கையால் தூவிக் கோடு போடுகிறான் ஒரு பையன். முதல் ஷிஃப்ட் முடித்தவர் யூனிஃபார்மோடு சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, “டேய், லெஃப்ட்ல ஆளே இல்ல பாரு!” என்கிறார். பந்து ரோட்டுக்கு ஓடினால் எடுத்துத் தருவதும் அவர்தான். ரெஃப்ரிக்குக் கொடுக்க ஐம்பது, நூறு என்று சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் அவரைப் போன்றவர்கள்தான். குழுவின் வரவு-செலவுக் கணக்கே அவ்வளவுதான்: பந்து, ஜெர்ஸி, பஸ் செலவு, ரெஃப்ரி.

நம் மாவட்டத்தால் முடியாததில்லை. வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டினால் கடலூர். அங்கிருந்து இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியின் பெண்கள் குழு 2017-18 இந்திய மகளிர் லீகின் இறுதிச் சுற்றில், ஏழு குழுக்களில் ஒன்றாக, ஷில்லாங் வரை போய் ஆடியது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியவர். அந்தப் பெண்கள் உள்ளூரில் ஆடியபோது கோட்டோரம் எத்தனை பேர் நின்றோம்?

ஊர்க் குழுவுக்குப் பெரிய ஸ்பான்சர் பிறகு கிடைக்கட்டும். இந்த ஞாயிறு சாயங்காலம் உங்கள் பிளாக் கிரவுண்டுக்குப் போங்கள். ஆடுகிறவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)