முதல் வாரத்தில் 3 கிலோ குறைஞ்சிடுச்சா? கரைந்தது கொழுப்பு இல்லை, தண்ணீர்!

காலையில் இட்லிக்குப் பதில் ஆம்லெட். மதியம் சோறு கிடையாது. கீரையும் பனீரும் மட்டும். இரவு சப்பாத்திக்கும் தடா. இப்படி லோ கார்ப் டயட் தொடங்கி ஒரு வாரம் கழித்து எடை மெஷினில் ஏறினால், 3 கிலோ குறைவு! அதை போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வாழ்த்தும் வாங்கியாயிற்று.

மூன்றாவது வாரத்தில் முள் அசைய மறுக்கிறது. நடுவில் ஒரு கல்யாண விருந்து. மறுநாளே ஒன்றரை கிலோ ஏறிவிடுகிறது. 'நம்ம உடம்புக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று பலர் டயட்டைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால், முதலில் குறைந்ததும் விருந்துக்குப் பிறகு ஏறியதும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது?

நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. செலவு போக மிஞ்சியதில் ஒரு பகுதியை, கிளைகோஜன் என்ற பெயரில் உடல் சேமித்துவைக்கிறது. அவசரத்துக்கு அஞ்சறைப் பெட்டியில் வைக்கும் பணம் மாதிரி. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும்.

மாவுச்சத்தைக் குறைத்ததும் உடல் இந்தச் சேமிப்பில் கைவைக்கிறது. கிளைகோஜன் தீரத்தீர, அதனுடன் இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இன்னொரு பக்கம், இன்சுலின் சுரப்பு குறைவதால் சிறுநீரகம் அதிக சோடியத்தை வெளியேற்றுகிறது. உப்பு போனால் கூடவே நீரும் போகும். முதல் சில நாள்களில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது, தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொழுப்பின் கணக்கு வேறு

உடலில் 1 கிலோ கொழுப்பு குறைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரே வாரத்தில் 3 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால், தினமும் 3,300 கலோரி! பலர் ஒரு நாளில் சாப்பிடும் மொத்த உணவிலேயே அவ்வளவு கலோரி இருக்காது. வாரத்துக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரை குறைவதுதான் நிதானமான, பாதுகாப்பான வேகம்.

ஆக, மூன்றாவது வாரத்தில் அரை கிலோதான் குறைந்தது என்றால், அது தோல்வி இல்லை. உண்மையான கொழுப்பு இறங்குவது அந்த வேகத்தில்தான். விருந்துக்குப் பிறகு ஏறிய ஒன்றரை கிலோவும் பெரும்பாலும் கிளைகோஜனும் உப்பும் திரும்பப் பிடித்த தண்ணீர். பழைய உணவுமுறைக்கு வந்தால் சில நாள்களில் இறங்கிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒருநாள் எண்ணை விட்டுவிட்டு, வார சராசரியை ஒப்பிடுங்கள்.
* வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் டேப் வைத்து இடுப்பளவு எடுங்கள். எடை நின்றாலும் இடுப்பு குறைந்தால், கொழுப்பு கரைகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.
* மாதவிடாய்க்கு முன் பெண்களுக்கு உடலில் நீர் சேர்ந்து எடை ஏறலாம். அந்த நாள்களில் பதற வேண்டாம்.

இவர்கள் கவனம்!

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் திடீரென சோற்றை நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரலாம். சிறுநீரக, இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இந்த டயட்டைத் தொடங்கக் கூடாது. மாத்திரை அளவை நீங்களாகவே மாற்றவும் வேண்டாம்.

மற்றவர்கள், முதல் வாரத்து 3 கிலோவைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, இரண்டாவது வாரத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். மூன்றாவது வாரத்தில் டயட்டைக் கைவிடும் எண்ணமே வராது.