நாவல்களை ஒதுக்கலாமா?

பொதுக் காரியங்களில் நெடுநாள் உழைத்துவரும் நண்பர் ஒருவர், தம்மூர் வாசகசாலையின் நிர்வாகக் கமிட்டியில் நடந்த விவாதமொன்றைப்பற்றி நமக்கு எழுதியிருக்கிறார். இவ்வருஷம் புத்தகங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் சொற்பத் தொகையில் நாவல்களுக்கு ஒரு காசும் செலவிடலாகாதென்று அங்கத்தினர் சிலர் பிரேரணை கொண்டுவந்தார்களாம். சரித்திர நாவல் ஒன்றிரண்டானால் போனாற்போகிறதென்று விடலாம். மாயக்கதை, காதற்கதை, விஞ்ஞானக் கற்பனை, மர்மக்கதை முதலியவையோ வாலிபரின் பொழுதைப் பாழாக்கிப் பொது விஷயங்களில் அவர்களுக்குள்ள சிரத்தையைக் குலைப்பவை என்பது அவர்கள் வாதம். பிரேரணை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை நண்பர் கேட்கிறார்.

பிரேரணை கொண்டுவந்தவர்களின் நோக்கத்தில் குற்றம் காணமாட்டோம். கையிலிருக்கும் பொதுப்பணம் வீணாகக்கூடாதென்ற கவலை நல்ல கவலையே. ஆயினும் பிரேரணை தவறானதென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நம் தேசம் விழித்தெழுந்த சரித்திரத்தில், அவர்கள் தள்ளிவிட விரும்பும் ஒவ்வொரு கதைவகையும் ஒரு பங்கு ஆற்றியிருக்கிறது. வக்கீல் தொழிலில் பழகியவராதலால், வாதத்தை வளர்ப்பதைவிடச் சாட்சிகளை விசாரிப்பதையே நாம் விரும்புகிறோம்.

முதற்சாட்சி மாயக்கதை. காசி மகாராஜாவுக்குச் சொந்தமான சகியா, நௌகட் வனங்களில் காட்டுக் குத்தகை எடுத்திருந்தவர் தேவகீ நந்தன் கத்ரி. அங்கே இடிந்து கிடந்த கோட்டைகளையும் குகைகளையும் கண்ட அவர், ‘சந்திரகாந்தா’ என்னும் ஹிந்தி நாவலை எழுதினார். 1888-ம் வருஷத்தில் அது வெளிவரலாயிற்று. பகைகொண்ட இரண்டு ராஜ்யங்களைச் சேர்ந்த இளவரசனும் இளவரசியும் காதலிப்பது, மாறுவேஷத்தில் வல்ல ஒற்றர்கள் மயக்கப்பொடி தூவி மனிதரை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவது, திறவுகோல் தெரியாதவன் உட்புகுந்தால் வெளிவர முடியாத மாயக்கோட்டை, இவையே கதையின் சரக்கு. நம் நண்பர்கள் இதைவிடப் பிரயோஜனமற்ற புஸ்தகம் வேறில்லையென்பார்கள். ஆனால் நடந்தது என்ன? அக்காலத்தில் அந்த மாகாணத்துக் கோர்ட்டுகளில் உருது பாஷையும் பார்ஸி லிபியுமே வழங்கின. நாகரி லிபிக்கு 1900-ம் வருஷத்தில்தான் அங்கே அநுமதி கிடைத்தது. அதற்கு முன்னரே, உருது மாத்திரம் அறிந்திருந்தோர் பலர், ‘சந்திரகாந்தா’வில் அடுத்தது என்னவென்று அறியும் ஆவல் தாங்காமல் நாகரி எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். மகாநாட்டுத் தீர்மானங்களால் ஆகாத காரியத்தை மாயக்கோட்டை ஒன்று செய்துவிட்டது. பின்னர் அந்த மொழியில் தேசீயப் பத்திரிகைகள் தோன்றியபோது, படிக்கக் கற்ற ஒரு கூட்டம் அவற்றுக்குத் தயாராக இருந்தது.

இரண்டாவது சாட்சி காதற்கதை. கல்கத்தா சர்வகலாசாலையில் 1858-ம் வருஷத்தில் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரில் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர் ஒருவர். சர்க்கார் உத்தியோகஸ்தர். அவர் முதலில் எழுதிய நாவல் இங்கிலீஷில் எழுதியது. அதை அவ்வளவில் விட்டு, 1865-ல் தாய்மொழியில் ‘துர்கேச நந்தினி’யை வெளியிட்டார். அக்பர் காலத்தில் மொகலாயரும் பட்டாணியரும் வங்கத்தில் பொருத போரின் நடுவே நிகழும் காதல் அது. காயமுற்றுக் கிடந்த ராஜபுத்திர வீரனுக்குச் சிசுருஷை செய்து அவனிடம் மனத்தைப் பறிகொடுத்த பட்டாணியப் பெண் ஆயிஷா, அவன் மணந்த வேறொருத்திக்குத் தன் நகைகளையே பரிசாக அளித்து விலகுகிறாள். பகைவன் மகளிடத்தில் இத்தனை பெருந்தன்மையைக் காட்டிய கதை வாசகனைக் கெடுத்ததென்று யார் சொல்வார்? மேலும், இங்கிலீஷ் படித்த கனவான்கள் தாய்மொழியைப் படிக்கக் கூசிய காலம் அது. அவர்களைத் தம் பாஷைக்குத் திருப்பிய பெருமையில் இந்நாவலுக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்றாவது, நம் நண்பர்களே ஏற்றுக்கொள்ளும் சரித்திர நாவல். அதே பங்கிம் பாபு 1882-ல் வெளியிட்ட ‘ஆனந்த மடம்’, 1770-ம் வருஷத்து வங்கப் பஞ்சத்தையும் சந்நியாசிகளின் கலகத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பஞ்சத்தில் ஜனங்களில் மூன்றிலொரு பங்கினராவது மாண்டதாக வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்கிட்டிருந்தான். ‘வந்தே மாதரம்’ அந்நூலிலிருந்து புறப்பட்டு, 1896-ல் கல்கத்தா காங்கிரஸில் ரவீந்திரரால் பாடப்பெற்று, 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்த கிளர்ச்சியில் தெருத்தோறும் முழங்கியது. நம் பாரதியார் அதைத் தமிழிலும் பாடித் தந்தார். ஆயினும் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. அந்நாவல் முஸ்லிம்களைச் சித்திரித்த விதம் அவர்கள் மனத்தைப் புண்படுத்தியது. 1937-ல் காங்கிரஸ் காரியக் கமிட்டி, பாட்டின் முதல் இரண்டு பகுதிகளை மாத்திரம் பாடினால் போதுமென்று முடிவு செய்ய நேர்ந்தது. ஆகவே, சரித்திர நாவல் என்ற பெயர் மாத்திரமே ஒரு நூலுக்கு நற்சாட்சிப் பத்திரமாகிவிடாது; எந்த நாவலையும் போல் அதையும் விழித்த கண்ணோடுதான் படிக்கவேண்டும்.

நான்காவது விஞ்ஞானக் கற்பனை. இது மேல்நாட்டாரின் விளையாட்டென்று எண்ணுவோர் உண்டு. 1905-ம் வருஷத்தில் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மாதர் பத்திரிகையில், ரொக்கையா என்னும் வங்க முஸ்லிம் மாது இங்கிலீஷில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ வெளியாயிற்று. அது நாவலின் நீளத்துக்கு வராத கதைதான், பொருளில் பெரியது. கோஷாவில் வளர்ந்து, மூத்த சகோதரரிடம் இரவில் ஒளித்து இங்கிலீஷ் கற்றவர் அவர். அவருடைய கனவு நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, பெண்கள் ராஜ்யபாரம் செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமையல் செய்கிறார்கள். வானத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்கிறார்கள். ஆகாய ஊர்தியில் பறக்கிறார்கள். படையெடுத்து வந்த பகைவனைச் சூரிய வெப்பம் ஒன்றாலேயே விரட்டுகிறார்கள். படித்துச் சிரித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவரோ கனவோடு நிற்கவில்லை. 1911-ல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்து, தம் ஆயுள் முழுவதும் அதை நடத்தினார். சூரிய வெப்பத்தால் சமைக்கும் அடுப்பு இன்று கடையில் விற்கிறது. பெண் கல்விக்கு வாதாட வேண்டிய இடங்கள் இன்னும் உலகில் இருக்கின்றன. கனவென்று தள்ளியதில் எது எளிதாகவும் எது கடினமாகவும் முடிந்ததென்று வாசகரே யோசிக்கட்டும்.

கடைசிச் சாட்சி மர்மக்கதை. சரத் சந்திரரின் ‘பதேர் தாபி’ 1926-ல் புஸ்தகமாக வந்தது. ரங்கூன் நகரில் மறைந்து வாழும் புரட்சிவீரன் ஸவ்யஸாசியைப் போலீஸார் தேடுகிறார்கள். அவன் தலையில் வாசனைத் தைலமும் பையில் கஞ்சாக் குழாயுமாக ஒரு கோமாளி வேஷத்தில் அவர்கள் முன்னாலேயே நின்று விடுதலை பெறுகிறான். துப்பறியும் கதையின் சாமக்கிரியை முழுதும் இதில் உண்டு. 1927-ம் வருஷ ஆரம்பத்தில் சர்க்கார் அதைப் பறிமுதல் செய்தது. கண்டனம் தெரிவிக்குமாறு சரத் பாபு ரவீந்திரரை வேண்டினார். ஆங்கில ஆட்சியின்மேல் வாசகர் மனத்தில் வெறுப்பை மூட்டும் நூல் அதுவென்று கூறிக் கவியரசர் மறுத்துவிட்டார். சரத் பாபு மிகவும் மனம் நொந்தார். 1938-ல் அவர் காலமான பின், 1939-ல்தான் தடை நீங்கியது. பொழுதுபோக்குக் கதை தேசகாரியத்துக்கு உதவாதென்று நம் நண்பர்கள் நினைக்கிறார்கள். பீரங்கியும் சிறைச்சாலையும் வைத்திருந்த சர்க்கார் அப்படி நினைக்கவில்லை.

நிற்க. வெளிவரும் நாவல்கள் எல்லாம் இத்தகையவை என்று நாம் சாதிக்கவில்லை. குப்பைகள் ஏராளம். ஆனால் குப்பை எல்லா வகையிலும் உண்டு. அரசியல் நூல்களிலும், ஏன், தலையங்கங்களிலும்கூட உண்டு. எனவே வகையைப் பார்த்து விலக்குவது நியாயமன்று. கதையை முடித்துப் புஸ்தகத்தை மூடியபின் வாசகனிடத்தில் எஞ்சுவது என்ன? பிறர் துன்பத்தை உணரும் சக்தி வளர்ந்ததா, தளைகளைத் தளைகளென்று அறியும் கண் திறந்ததா, குறைந்தபட்சம் அடுத்த புஸ்தகத்தைத் தேடும் ஆவலாவது பிறந்ததா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

கடைசியாகச் சொன்ன ஆவலை அற்பமென்று எண்ணவேண்டாம். இன்று வாசகசாலை மூலையில் உட்கார்ந்து கள்வனைத் துரத்தும் பையன்தான் நாளைக்குச் சட்டசபை நடவடிக்கையையும் ஜில்லா பஞ்சாயத்து வரவுசெலவையும் படிக்கப் போகிறவன். தன் பாஷையில் தானே விரும்பி முந்நூறு பக்கம் படித்தறியாதவனிடம் தேசத்தின் காரியங்களை எழுத்தின் மூலமாக எடுத்துச் சொல்ல முடியாது. அவன் மேடையில் கேட்டதையே நம்பிக்கொண்டிருப்பான். அவ்வாறு கேட்டதை நம்பும் ஜனங்கள் பெருகினால் குடியாட்சி எத்தனை நாள் நிலைக்கும்?

ஆகையால், அடுத்த கூட்டத்தில் பிரேரணையைத் தோற்கடித்து அதற்குப் பதிலாக மற்றொரு தீர்மானத்தை நிறைவேற்றும்படி நண்பருக்குச் சொல்வோம். தொகையில் ஒரு பகுதி நாவல்களுக்கென்று நிச்சயமாக ஒதுக்கப்படட்டும். ஐந்து வகையிலும் நல்லவற்றைத் தேர்ந்தெடுக்க, வாலிபர் இருவரும் பெண்மணிகள் இருவரும் உள்ள ஒரு சிறு கமிட்டி அமையட்டும். த. நா. குமாரசாமி, த. நா. சேனாபதி போன்றோர் வங்கத்திலிருந்து நேரே தமிழாக்கித் தந்த நூல்களுக்கு ஓர் அலமாரி இருக்கட்டும். மற்ற மாகாணத்தாரின் இருதயத்தைக் காண அதைவிடச் செலவு குறைந்த யாத்திரை வேறில்லை.

இவ்வளவும் செய்தபின், பிரேரணை கொண்டுவந்த கனவான்கள் அந்த அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துச் சென்று முழுவதும் படித்துப் பார்க்கட்டும். தவணைக்குள் புஸ்தகம் திரும்பி வராவிட்டால், அபராதம் விதிக்கும்போது கமிட்டியார் சற்றுத் தயை காட்டவேண்டுமென்று இப்பொழுதே கேட்டுக்கொள்கிறோம்.