தனியா பேசச் சொன்னா என்ன பேசறது?



பெண் பார்க்கும் படலம் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. பஜ்ஜி, சொஜ்ஜியோடு பெண் காபித் தட்டை நீட்டிவிட்டு, ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்ற காலம் மலையேறிப் போச்சு. இப்போதெல்லாம் பையன் வீட்டுப் பெரியவர் ஒருத்தராவது, "பொண்ணும் பையனும் கொஞ்ச நேரம் தனியா பேசட்டுமே" என்று சொல்லிவிடுகிறார். மொட்டை மாடிக்கோ, கோயில் பிரகாரத்துக்கோ அனுப்பி வைக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால், அங்கே போய் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று நம் பெண்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

நாம் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் கேட்டு வைக்காதே!" அதனால், பிடித்த நடிகர் யார், பிடித்த சாப்பாடு எது என்பதோடு பத்து நிமிஷமும் ஓடிவிடுகிறது. கீழே இறங்கி வந்ததும், "பையனைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறோம். பிடித்த நடிகரை வைத்து அவள் எப்படிம்மா முடிவு செய்வாள்?

என் நாத்தனார் மகளுக்குப் போன வருஷம் வரன் பார்த்தார்கள். பி.காம்., படித்துவிட்டு, கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறாள். ஒரு பையன் வீட்டாரைத் தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்கு வரச் சொல்லி, அங்கே வைத்துப் பார்த்தோம். பத்துக்கு ஒன்பது பொருத்தம். நல்ல வேலை, சொந்த வீடு. எங்கள் எல்லோருக்கும் பரம திருப்தி. பெண்ணும் பையனும் பிரகாரத்தைச் சுற்றி வந்தார்கள். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போகலாமா? என் சம்பளத்தை என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" அதற்குப் பையன், "வேலைக்குப் போலாம். சம்பளத்தை எங்க அம்மாகிட்ட கொடுத்துடணும். உங்க செலவுக்கு அவங்க தருவாங்க" என்றானாம்.

வீட்டுக்கு வந்ததும், "இது எனக்கு ஒத்து வராது அத்தை" என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். வீட்டில் ஒரே ரகளை. "முதல் நாளே பணத்தைப் பத்திப் பேசுவாளா ஒருத்தி?" என்று என் மாமியார் தலையில் அடித்துக் கொண்டார். பையன் வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. 'பெண்ணுக்கு வாய் நீளம்' என்று நாலு இடத்தில் சொல்ல, வர இருந்த இரண்டு வரன்கள் தட்டிப் போயின. என் நாத்தனார் அழாத நாளில்லை. ஆனாலும், அந்தப் பெண் அசையவில்லை. அவளுடைய அப்பாவும், "வாழப் போறவ அவ. கேட்டது தப்பில்லை" என்று சொல்லிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து வந்த பையனிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்போ உங்க அம்மா அப்பாவுக்கு மாசம் ஏதாவது கொடுக்கிறீங்களா? அதை நிறுத்த வேணாமே" என்றாராம். வருகிற தை மாதம் கல்யாணம்!

இந்த ஆறு மாதத்தில், எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து நிறையப் பேசினோம். அதில் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதல் வார்த்தைக்காகத் தவிக்க வேண்டாம். "வழியில சிரமமில்லாம வந்தீங்களா?", "சாப்பிட்டீங்களா?" என்பதே போதும். அந்தப் பையனுக்கும் உள்ளுக்குள் உதறல் இருக்கும். ஒரு சின்ன விசாரிப்பில் இருவருக்கும் படபடப்பு அடங்கிவிடும்.

அடுத்து, 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடிகிற மாதிரி கேட்கக் கூடாது. "வீட்டு வேலை செய்வீங்களா?" என்று கேட்டால், எல்லாப் பையனும் "ஓ, செய்வேனே!" என்றுதான் சொல்வான். அதையே, "ஞாயித்துக்கிழமைன்னா உங்க வீட்டுல காலையிலேர்ந்து என்னென்ன நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். யார் சமைக்கிறார்கள், யார் பாத்திரம் துலக்குகிறார்கள், யார் டி.வி., முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும்!

கஷ்டமான கேள்வி என்றால், முதலில் உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். "எனக்கு வேலையை விட இஷ்டமில்லை. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றால், அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்காது. குடிப்பழக்கம், கடன், தனிக்குடித்தனமா கூட்டுக் குடும்பமா, வேலை மாற்றல் வருமா... எல்லாவற்றையும் இப்படியே கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. "இந்தக் கல்யாணத்துல உங்களுக்கு முழுச் சம்மதம்தானா, இல்லை வீட்டுக்காக வந்தீங்களா?" மனசில் வேறு பெண்ணை வைத்துக்கொண்டு, பெற்றோருக்குப் பயந்து வந்து உட்காரும் பையன்களும் உண்டு. நாம் கேட்டால், அந்தப் பையனுக்கும் உண்மையைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். இரண்டு பேர் வாழ்க்கை பிழைக்கும்.

வரதட்சணையைப் பெரியவர்கள்தான் பேச வேண்டும் என்பதில்லை. "எங்க வீட்டுல எவ்வளவு போடணும்னு நீங்க எதிர்பார்க்கிறீங்க?" என்று பையனிடமே கேட்கலாம். அவர் சொல்லும் பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. கொடுப்பதும், வாங்குவதும், கேட்பதும் குற்றம். வாங்கினால் குறைந்தது 5 வருஷம் சிறை, 15,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று அதில் இருக்கிறது. ஆசையாகக் கொடுக்கும் சீருக்குக்கூடப் பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்று 1985ல் விதியும் வந்திருக்கிறது. எத்தனை வீட்டில் இதைச் செய்கிறோம்?

இன்னொரு எச்சரிக்கை. இப்போது நிச்சயத்துக்கு முன்பே செல்போன் நம்பர் வாங்கி, வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பேசட்டும், தப்பில்லை. ஆனால் நேரில் பார்க்காத, விசாரிக்காத ஆளுக்குப் போட்டோவோ, பணமோ அனுப்பவே கூடாது. 'அவசரம், உடனே பணம் அனுப்பு' என்று வந்தால், அது வரன் இல்லை, வலை! பணம் போய்விட்டால், அழுதுகொண்டு உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். மிரட்டினாலோ, தொந்தரவு செய்தாலோ பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது. இந்த இரண்டு நம்பரையும் வயசுப் பெண் இருக்கும் வீட்டில் காலண்டர் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து நிமிஷத்தை அரை மணி நேரமாக்குங்கள். கண்ணில் படுகிற தூரத்தில் இருங்கள், காதில் விழுகிற தூரத்தில் வேண்டாம். ஒரு தடவை பார்த்தது போதாது என்று பெண் சொன்னால், இன்னொரு தடவை பேச விடுங்கள். தட்டை மாற்றிவிட்டு, "இப்ப பிடிக்கலைன்னா எப்படி?" என்று கேட்பதில் என்ன நியாயம்?

பெண் வாய் திறந்தால் நம் பண்பாடு கெட்டுப் போகும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துப் பாருங்கள். தொல்காப்பியத்தில் கற்பியலுக்கு முன்னால் களவியல் என்று தனியாக ஓர் இயலே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே ஆணும் பெண்ணும் பார்த்துப் பழகியதை அதில் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் பேச்சைக் கொண்டு செல்ல ஒரு தோழியும் உண்டு. அந்தத் தோழியின் வேலையை அத்தை, சித்தி, அண்ணி என்று நாம்தான் செய்ய வேண்டும்.

மகனைப் பெற்றவர்களே, உங்கள் பையனுக்கும் சொல்லி அனுப்புங்கள். "சமைக்கத் தெரியுமா?" என்று ஆரம்பிக்காமல், "உங்களுக்கு என்ன ஆசை?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்குப் பெண் ஒரு கேள்வி கேட்டால், அதை வாய்த்துடுக்கு என்று நினைக்காமல், நம் வீட்டுக்கு விவரமான மருமகள் வரப்போகிறாள் என்று சந்தோஷப்படுங்கள். என்ன, நான் சொல்வது சரிதானே தோழிகளே?

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.