கட்டணமில்லாத வாயில்

ஸ்கொட்லாந்தின் வடக்கே கடல்சூழக் கிடப்பவை ஓர்க்னித் தீவுகள். ஸ்கிராப்ஸ்டர் துறையிற் கப்பலேறி, ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ரொம்னஸ் கரையை அடைந்தேன். புரொட்கர் கல்வட்டத்தைக் காசின்றிக் கண்டு களித்தேன். 1850ஆம் ஆண்டுப் புயல் மணலை வாரியெறிய வெளிப்பட்ட ஸ்காரா பிரே என்னும் கற்காலச் சிற்றூருக்கோ கட்டணம் உண்டு. அதனைக் கண்டால், பாப்பா வெஸ்ட்ரே தீவுக்குப் படகேறப் பணம் போதாது. நெடுநேரம் தயங்கிப் படகையே தேர்ந்தேன்.

அத்தீவின் கடலோரத்திலே, கி.மு. 3700 அளவில் எழுந்த இரு கல்வீடுகள் நிற்கின்றன. நாப் ஒவ் ஹவர் என்பது அவற்றின் பெயர். காவலாளி இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. தாழ்ந்த வாயிலிற் குனிந்து நுழைந்தேன். உள்ளே, தானியம் அரைத்துக் குழிந்த கல்லொன்று, நம் அம்மியை ஒத்துக் கிடந்தது. அதனைத் தொட்டபோது, காணாமல் விட்டதை எண்ணிய ஏக்கம் நீங்கிற்று. ஏழை விருந்தினனையும் அவ்வீடு ஏற்றுக்கொண்டது.