நாலு எப்படி எட்டாச்சு?

விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசர் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். சில கணினிகளில் கோர் 4 என்று இருக்கும். அதற்குக் கீழேயே லாஜிக்கல் பிராசசர் 8 என்றும் இருக்கும். மீதி நாலு எங்கிருந்து வந்தது?

கோரை ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். அத்தை சாம்பார் வைக்கிறார். பருப்பு வெந்துவிட்டது, புளி தீர்ந்துபோச்சு. கடைக்குப் போன அண்ணன் திரும்பும்வரை அடுப்பும் மிக்சியும் சும்மா கிடக்கின்றன.

பிராசசரிலும் இதே கதைதான். 3 கிகாஹெர்ட்ஸ் கோரின் கடிகாரம் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. வேண்டிய எண் பக்கத்திலுள்ள கேஷ் நினைவகத்தில் இல்லாமல் ராமிலிருந்து வரவேண்டுமானால், இருநூறு முந்நூறு துடிப்புகள்கூட வீணாகலாம். கூட்டும் பகுதி, பெருக்கும் பகுதி எல்லாம் கைகட்டி நிற்கும்.

அந்த நேரத்தில் சித்தியும் உள்ளே வந்து ரசம் வைத்தால்? சமையலறை ஒன்றுதான், வேலை இரண்டு! ஒவ்வொரு வேலையையும் ஓர் 'இழை' என்கிறார்கள். எந்த இழை எதுவரை வந்திருக்கிறது என்று குறித்துவைக்கும் பதிவேடுகள்தான் முக்கியமாக இரண்டிரண்டாக வேண்டும். கணக்குப் போடும் பகுதிகள் பொது. எவ்வளவு அழகான யோசனை!

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி மூவரும் 1995-இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். 2002-இல் இன்டெல் நிறுவனம் 'ஹைப்பர் த்ரெடிங்' என்ற பெயரில் கொண்டுவந்தது. சிப்பின் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியது. சில வேலைகளில் வேகம் 30 சதவீதம் வரை ஏறியது என்று இன்டெல் சொன்னது.

கவனியுங்கள், 30தான், 100 அல்ல. அத்தைக்கும் சித்திக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு வேண்டுமென்றால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். மேடையும் சின்னது. சித்தி தக்காளியைப் பரப்பினால், அத்தை நறுக்கிவைத்த வெங்காயத்துக்கு இடமிருக்காது. கேஷிலும் இப்படி ஓர் இழை மற்றதன் எண்களை வெளியே தள்ளிவிடும். அப்போது வேகம் குறையவும் செய்யும்.

இருந்தும் ஐபிஎம் தன் பவர்8 சிப்பில் ஒரு கோருக்கு 8 இழைகள் வைத்தது. இன்டெல்லோ 2024-இல் வந்த லூனார் லேக் மடிக்கணினிச் சிப்பில் இந்த முறையையே விட்டுவிட்டது.

வீட்டில் கணினி வாங்கப் போகும்போது "எட்டு" என்று கடைக்காரர் சொன்னால், "எட்டு கோரா, எட்டு இழையா?" என்று கேளுங்கள்.