பர்மா தேக்கு முதல் ஈக்வடார் தேக்கு வரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வரப்பிலும் கிணற்றடியிலும் தேக்கு வைத்திருப்பவரிடம் வியாபாரி வருகிறார். நிற்கிற மரத்தைக் கண்ணால் பார்த்தே மொத்தமாக விலை பேசுகிறார். அந்த விலை உள்ளூரில் மட்டும் முடிவாவதில்லை. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கும் மரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

முன்பு உயர்ந்த மரம் என்றால் பர்மா தேக்குத்தான். காட்டில் நெடுங்காலம் நின்று வைரம் பாய்ந்த மரம் அது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தால் தெரியும். பிறகு மலேசியாவிலிருந்தும் முழுத்தடிகள் ஏராளமாக வந்தன. 1985இல் இந்தோனேஷியாவும் மலேசியத் தீபகற்பமும் முழுத்தடி ஏற்றுமதிக்குத் தடை போட்டன. வெள்ளச் சேதத்துக்குப் பின் தாய்லாந்து 1989இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே நிறுத்தியது. ஆப்பிரிக்காவில் காபோன் 2010இல் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. பர்மாவும் (இன்றைய மியான்மர்) 2014 ஏப்ரல் முதல் அதே வழிக்கு வந்தது.

இந்த நாடுகளின் ஏற்றுமதிக் கணக்கை ஒப்பிடுகிறவர்கள் ஓரிடத்தில் ஏமாந்து போவதுண்டு. முழுத்தடிக் கணக்கை மட்டும் பார்த்தால் 1985க்குப் பின் இந்தோனேஷியா மர வியாபாரத்தையே விட்டுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது தடியைப் பிளைவுட் ஆக்கி உலகச் சந்தையைப் பிடித்தது. வேலையும் கூலியும் அந்த நாட்டிலேயே தங்கின. அறுத்த மரம், பிளைவுட் எல்லாவற்றையும் தடிக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

இந்தியாவிலும் 1988 வனக் கொள்கை, 1996 உச்ச நீதிமன்ற உத்தரவு இவற்றுக்குப் பின் காட்டு மரம் அருகிவிட்டது. அந்த இடத்தை ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா நாடுகளின் தோட்டத் தேக்கு பிடித்துக்கொண்டது. அது பர்மாவின் கிழட்டு மரம் அல்ல. நம் வரப்புத் தேக்கைப் போல ஆட்கள் நட்டு வளர்த்த இள மரம். நம் விவசாயிக்கு நேர்ப் போட்டி அதுவே.

போட்டியில் நிற்க வழி, மரத்தைப் பருக்க விடுவதுதான். மரவாடிகளில் நடு சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 2 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் இரண்டரை கன அடி. 4 அடி சுற்றளவு என்றால் 10 கன அடி. சுற்றளவு இரட்டித்தால் மரம் நாலு மடங்கு. வைரமும் கூடுவதால் கன அடி விலையும் ஏறும். அவசரத்துக்கு இளமையில் வெட்டுபவர் இரண்டையும் இழக்கிறார். நெருக்கமாக நட்டவர்கள் மெலிந்த மரங்களைக் கலைத்துவிட்டு மற்றவற்றுக்கு இடம் கொடுக்கலாம்.

இன்னொன்று: அந்த 10 கன அடித் தடியில் உண்மையில் சுமார் 12.7 கன அடி மரம் இருக்கிறது. மீதி அறுப்புச் சேதாரம் என்று வியாபாரி பக்கம் போகிறது. இது மர வியாபாரத்தின் பழைய வழக்கம். மாற்றச் சொல்லிப் பயனில்லை. ஆனால் தெரிந்துகொண்டு பேரம் பேசலாம். டேப் பிடித்து அளக்காமல் மொத்த விலைக்குச் சம்மதிக்கவே கூடாது.

எல்லோரும் தேக்கே வைக்க வேண்டும் என்பதில்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு வாகை, மா, வேம்பு முதலிய மரங்கள் பயன்படுகின்றன. பெரம்பலூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்துச் சந்தை அது. எந்த மரமானாலும் வெட்டுவதற்கு முன் அனுமதிச் சீட்டு விவரங்களை வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.